ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு கண்கள்

கூமா
18 ஜூன் 1989

அன்புள்ள பெவ்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சகலை டெஸ்ஸுக்கு இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

டெலிபோனில் பேசச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன். ரிசீவரை எடுத்தால் அணைக்கட்டு அலுவலகத்துக்கு நீர்மட்டம் சொல்கிற குரல்தான் எனக்கு வருகிறது. போன மாதம் பின்னியிடம் அந்தக் குரலில் "சாப்டியா" என்று கேட்டேன். அவள் "எஸ் சார்" என்றாள். அதனால் கடிதம்.

மார்ச்சில் லினெட்டை அடக்கம் செய்த அன்று, "ரெண்டு வாரம் குழந்தை எங்கூட இருக்கட்டும்" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு "இன்னும் கொஞ்ச நாள்" என்று சொன்னது நான்தான். மறக்கவில்லை. உங்கள் தங்கை போன துக்கத்தில் நீங்களும் இருந்துகொண்டு என் மகளையும் பார்த்துக்கொள்கிறீர்கள். நன்றி என்று எழுதினால் அந்த வார்த்தை மிகச் சிறிதாக இருக்கிறது.

போன வாரம் வந்தபோது பின்னி எனக்கு ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். விருந்தாளிக்கு அப்படித்தான் வைக்க வேண்டும் என்று யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஸ்


வுலங்கொங்
5 ஜூலை 1989

அன்புள்ள ராஸ்,

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. டெஸ்ஸும் அப்படித்தான். மற்றபடி சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் சட்டை உன் மேல் தொங்கியதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. அந்தத் தாடி வேறு. டெஸ் சொல்கிறார், உன்னைத் தெருவில் பார்த்தால் சில்லறை போட்டுவிட்டுப் போயிருப்பாராம்.

பின்னிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்கட்டு அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தோம். எந்த நிறம் என்று அவளையே கேட்டேன். பதினைந்து வருஷமாக அந்த அறையில் தையல் மெஷினும் டெஸ்ஸின் பழைய செருப்புகளும்தான் இருந்தன. இப்போது ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. முன்பும் தெரிந்ததுதான்.

இதோடு பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஜனவரியில் இருந்து அவள் இங்கே படிப்பதற்கு. இப்போது தற்காலிகமாகத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அப்பா கையெழுத்து வேண்டுமாம். ஒன்றும் அவசரம் இல்லை.

பெவ்


கூமா
23 ஜூலை 1989

அன்புள்ள பெவ்,

கடிதமும் பல் சேதியும் கிடைத்தன. நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்குச் சூடு நல்லது என்கிறார்கள்.

இங்கே குளிர். செவ்வாய்க்கிழமை காலையில் மைனஸ் ஒன்பது. நான் பெரும்பாலும் அணைக்கட்டின் உள்ளேதான் இருக்கிறேன். சுவருக்குள் ஒரு நீளமான நடைக்கூடம் உண்டு. அதில் கசிவையும் சுவரின் அசைவையும் அளக்கும் கருவிகள் நாற்பத்தாறு. ஒவ்வொன்றையும் பார்த்து எழுத வேண்டும். உள்ளே கோடையும் குளிரும் ஒன்றுதான். வேலைநேரம் முடிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறேன். யாரும் அங்கே வந்து என் தோளில் கை வைப்பதில்லை.

ஊரில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். இறைச்சிக் கடைக்காரர் நான் கேட்பதற்கு மேல் இரண்டு துண்டு போடுகிறார். பெட்ரோல் போடுகிற பையன்கூடத் தொப்பியைக் கழற்றுகிறான். யாரும் என்னிடம் எதற்கும் கோபப்படுவதில்லை.

புகைபோக்கி அடைத்திருக்கிறது. சரிசெய்ய வேண்டும்.

ராஸ்


வுலங்கொங்
2 ஆகஸ்ட் 1989

அன்புள்ள ராஸ்,

நாங்கள் மூவரும் சுகம். புகைபோக்கி அடைத்திருந்தால் அடுப்பு மூட்டாதே, தயவுசெய்து.

அந்த உறையில் இன்னொரு தாளும் இருந்தது.

பெவ்


கூமா
27 ஆகஸ்ட் 1989

அன்புள்ள பெவ்,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே அடுப்பு மூட்டவில்லை. கம்பளி போதும்.

ஒரு விஷயம் எழுதத் தோன்றுகிறது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அல்லது இன்னும் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

கொல்லைத் தைலமரத்தில் இருக்கும் மேக்பைப் பறவையை உங்களுக்குத் தெரியும். லினெட் சார்ஜென்ட் என்று பெயர் வைத்தாளே, அதுதான். பின்னி பிறந்த வருஷம் வசந்தத்தில் அதன் குஞ்சு ஒன்று கீழே விழுந்துவிட்டது. நான் ஏணி வைத்து ஏறி, கையுறை போட்டுக்கொண்டு, கூட்டில் திருப்பி வைத்தேன். உபகாரம்தான் செய்தேன். அது அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. திருடன் என்று என் முகத்தைக் குறித்துக்கொண்டது. அன்றிலிருந்து வருஷாவருஷம் ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து அக்டோபர் கடைசி வரை, நான் கொல்லைக்கு வந்தால் பின்னாலிருந்து பாயும். காதோரம் அலகைச் சொடுக்கும். சில நாள் ரத்தம் வரும். லினெட்டை ஒன்றும் செய்யாது. தபால்காரரை, பின்னியை, நாயைக்கூட ஒன்றும் செய்யாது. என்னை மட்டும். லினெட் இரண்டு சுரத்தில் சீட்டியடித்தால் படிக்கட்டுக்கே வந்து கையிலிருந்து கொத்துக்கறி தின்னும்.

சலவை அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை பாய்ச்சல் என்று நான் கோடு போடுவேன். கீழே லினெட் மொத்தம் எழுதுவாள். '86-இல் நாற்பத்தொன்று. அந்த வருஷம்தான் அவள் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் பின்பக்கம் இரண்டு கண் எழுதி என் தலையில் கவிழ்த்தாள். முகம் தன்னைப் பார்ப்பதாக நினைத்தால் மேக்பை பாயாது என்பார்கள். கண்ணுக்கு இமைமயிரெல்லாம் போட்டிருந்தாள். நான் அந்தக் கோலத்தில் துணி உலர்த்தியதை நீங்கள் போட்டோ எடுத்தீர்கள்.

இந்த வருஷம் கூடு கட்டி முடித்துவிட்டது. முட்டையும் இருக்கிறது. பதினைந்தாம் தேதியிலிருந்து தினமும் காலையில் தலையில் எதுவும் இல்லாமல் மரத்தடியில் போய் நிற்கிறேன். அது வரவில்லை. கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. இன்று கீழே இறங்கி, என் பூட்ஸிலிருந்து ஒரு கஜ தூரத்தில் புழு பொறுக்கியது, நான் ஒரு கம்பம் மாதிரி.

கதவுத் தாளில் '89 என்று எழுதியிருக்கிறேன். கோடு எதுவும் இல்லை.

ராஸ்


வுலங்கொங்
6 செப்டம்பர் 1989

அன்புள்ள ராஸ்,

சுகமா? எங்களுக்குச் சளி வந்து போனது.

உன் கடிதத்தைப் பின்னிக்கு வாசித்துக் காட்டினேன். புழு பொறுக்கிய இடம் வரைக்கும் அசையாமல் கேட்டாள். பிறகு ஏதோ சொன்னாள். குழந்தைப் பேச்சு. நேரில் சொல்கிறேன்.

அக்டோபர் முதல் வாரம் திங்கட்கிழமையும் விடுமுறை. பள்ளிக்கூடமும் மூடியிருக்கும். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். உன் மச்சினன் கிரேமுக்கும் எழுதிவிட்டேன்; அவனும் உன் தங்கை சூவும் அவர்களுடைய இரட்டையர்களும் பெர்ரிடேலில் இருந்து வருவார்கள். வீட்டைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். மெத்தைகளை வெயிலில் போட வேண்டும். புகைபோக்கி, புல், எல்லாம். லினெட்டின் அலமாரியையும் நான் ஒழித்துத் தருகிறேன். நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய் என்று தெரியும்.

படிவத்தை அப்போது வாங்கிக்கொள்கிறேன்.

பெவ்


கூமா
17 செப்டம்பர் 1989

அன்புள்ள பெவ்,

சளி முற்றிலும் விட்டதா? வாருங்கள். எல்லோருக்கும் படுக்கை இருக்கிறது. பின்னிக்கு முட்டை எப்படிப் பிடிக்கும் என்று எழுதுங்கள். முன்பு மஞ்சள் கரு உடையக்கூடாது என்பாள். மாறியிருக்கலாம்.

படிவத்தில் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. இங்கே திறப்பதற்கு ஆள் இல்லை.

சார்ஜென்ட்: பூஜ்யம்.

ராஸ்


கூமா
2 அக்டோபர் 1989, திங்கள் காலை

அன்புள்ள பெவ்,

வெள்ளிக்கிழமை காரிலிருந்து டெஸ்ஸும் பின்னியும் மட்டும் இறங்கினார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று டெஸ் சொன்னார். "எத்தன டிகிரி" என்று கேட்டேன். "அத அவகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லி, கார் டிக்கியைத் திறக்கப் போய்விட்டார். இப்போது தேவலையா? கஞ்சி ஏதாவது குடியுங்கள். டெஸ் இன்னும் இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிறார். அதற்குள் எழுதி அவர் கையில் கொடுக்கிறேன்.

நீங்கள் இங்கே இல்லாததால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பின்னி என்னைப் பார்த்து "ஹலோ" என்றாள். அவள் பையை எடுத்துக் கொடுத்தேன், "தேங்க்ஸ்" என்றாள். சாப்பாட்டு மேசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முட்டைக் கரு உடைந்துவிட்டது. "பரவால்ல, நான் சாப்ட்டுக்குவேன்" என்றாள். ஆறு வயதுக் குழந்தை அப்படி மரியாதையாகப் பேசுவதைக் கேட்க முடியவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே வெயில். மலை உச்சியில் பனி அப்படியே இருக்கிறது, கொல்லையில் சட்டைக் கையை மடித்துவிடலாம். மதியம் இரண்டு மணிக்கு இருபத்திரண்டு டிகிரி. ஏழு மாதமாக மூடிய ஜன்னல்களைக் கிரேம் தோளால் இடித்துத் திறந்தான். சூ ஏழு மெத்தைகளையும் வேலியில் சாய்த்தாள். இரட்டையர்கள் அவற்றின் மேல் ஏறிக் குதித்தார்கள். கொடி முழுக்கக் கம்பளிகள். காற்றில் கொடிக்கம்பம் குடை மாதிரி தானாகச் சுற்றியது. மஞ்சள் வாட்டில் பூ உதிர்ந்து ஈரக் கம்பளியில் ஒட்டியது. கிரேம் கூரைமேல் ஏறி, புகைபோக்கியிலிருந்து ஒரு பழைய குருவிக் கூட்டையும் இரண்டு வாளிக் கரியையும் எடுத்தான்.

அன்றுதான் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க அனுமதி ஆரம்பிக்கும் நாள். டெஸ் விடியற்காலையில் போய், பத்து மணிக்கு வெறுங்கையோடு வந்தார்.

"மீன் எங்கண்ணே?" என்று கூரை மேலிருந்து கிரேம் கேட்டான்.

"இருந்துச்சுடா. பாத்தேன். நல்லா இருந்துச்சுங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

"அண்ணியும் வரல, மீனும் வரல. உங்க மூஞ்சில ஏதோ இருக்குண்ணே."

சாசேஜும் ஆட்டுத் துண்டமும் சுட்டோம். சூ லாமிங்டன் கேக் கொண்டுவந்திருந்தாள். நான் புல் வெட்டினேன். முதல் புல் வாசனை எழுந்தது. அப்போதும் நான் கருவியில் முள்ளைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தது. எதுவும் எனக்குள் பதியவில்லை.

சாயங்காலம் சலவை அறையில் பின்னி நின்றுகொண்டிருந்தாள். கதவுத் தாளை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆணியில் அந்த ஐஸ்கிரீம் டப்பா தொங்கியது. அவளுக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"அதத் தொடாதீங்க," என்றாள். "அது எங்கப்பா தொப்பி."

கோபமாகச் சொல்லவில்லை, பெவ். அந்நியர் ஒருவருக்குச் சொல்வது மாதிரி, அமைதியாக. நான் கையை எடுத்துக்கொண்டேன். "சரிம்மா," என்றேன்.

நேற்று காலையில் கிரேமிடம் போய் இந்தத் தாடியை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். என் ரேசர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வண்டிக்குப் போய், ஆட்டுக்கு உரோமம் வெட்டுகிற மெஷினை எடுத்துவந்தான்.

"உக்காருங்கத்தான். இருவது வருசமா வெட்றேன். இதுவரைக்கும் ஒரு ஆடும் புகார் சொன்னதில்ல."

"சகலை, அசையாத," என்று டெஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டார். "கால ரெண்டையும் கட்டணுமாடா கிரேம்?"

"வேணாண்ணே, இது சாது. ஆனா கம்பளி மூணாந் தரம். வெல போவாது."

கொல்லை நடுவில், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரட்டையர்கள் 'மே' என்று கத்தினார்கள். மெஷின் தாடைக்குக் கீழே ஓடியபோது வெயில் அந்த இடத்தைத் தொட்டது. தாடி கொத்துக் கொத்தாகப் புல்லில் விழுந்தது. பின்னி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கிட்டவும் வரவில்லை.

முடிந்ததும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆரம்பித்தார்கள். குப்பைத் தொட்டிதான் ஸ்டம்ப். டெஸ் தூக்கி அடித்த பந்து தைலமரத்தடியில் போய் விழுந்தது. எடுக்கப் போனேன். நினைத்துப் போகவில்லை. கையில் பந்து, குனிந்திருக்கிறேன்.

முதலில் நிழல். பிறகு காற்றைக் கிழிக்கிற சத்தம். பிறகு காதுக்கு ஒட்டி, கத்தரிக்கோல் மூடுகிற மாதிரி ஒரு சொடுக்கு.

நிமிர்ந்தேன். அது வேலிமேல் போய்த் திரும்பி, நேராக என்னைப் பார்த்தது. தலையைச் சாய்க்கவில்லை. சந்தேகமே இல்லாத பார்வை. மறுபடி வந்தது. பந்தை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். ஒதுங்கத் தோன்றவில்லை. இரண்டாவது தடவை காதைக் கிழித்துக்கொண்டு போனது.

என் கருவிகள் ஆறு மாதத்தில் பிசகிவிடும், பெவ். எவ்வளவு விலை உயர்ந்தது என்றாலும் பிசகும். திருத்தி வைப்பதுதான் என் உத்தியோகம். அதன் தலை ஒரு வால்நட் அளவு. அதற்குள் ஆறு வருஷமாக என் முகத்தை வைத்திருக்கிறது. முடி மூடியதும் இது வேறு ஆள் என்று விட்டுவிட்டது. முடி போன கால் மணி நேரத்தில், கொல்லையில் ஏழு பேர் இருக்க, என்னை எடுத்துவிட்டது. ஊரே என்னை லினெட்டைப் பறிகொடுத்தவனாக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கையில், அது பழைய ராஸை, ஏணி வைத்து ஏறிய அந்தத் திருடனை, துளியும் சிந்தாமல் வைத்திருந்தது. நான் அங்கே வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கோயிலுக்குள் நிற்பது போல இருந்தது என்று சொன்னால் டெஸ் சிரிப்பார். ஆனால் அப்படித்தான் இருந்தது.

காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. சூடாக இருந்தது. மார்ச்சுக்குப் பிறகு எனக்குச் சூடு என்று தெரிந்த முதல் பொருள் அது.

அப்போதுதான் படிக்கட்டிலிருந்து கூச்சல் கேட்டது.

"அப்பா! குனிங்கப்பா! மறுபடி வருது, குனிங்கப்பா!"

சலவை அறைக்குள் ஓடினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு புல்லின் குறுக்கே ஓடிவந்தாள். எட்டவில்லை, நான் மண்டியிட்டேன். தலையில் கவிழ்த்து, கண்கள் பின்னால் வருகிற மாதிரித் திருப்பி, ஒரு தட்டுத் தட்டினாள். கிட்டத்தில் பார்த்தால் பல் விழுந்த இடத்தில் புதுப் பல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை.

"ரத்தம் வருதுப்பா."

"வரட்டும்மா."

"அது உங்களக் கண்டுபுடிச்சிருச்சு," என்றாள். "நான் சொன்னேன்ல பெரியம்மாகிட்ட. அது தப்பே பண்ணாது."

பிறகு சிரித்தாள். என்னால் முடியவில்லை. லினெட் எழுதிய கண்கள் பின்னால் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கண்கள் முன்னால் செய்ய வேண்டியதைச் செய்தன. டெஸ் இரட்டையர்களைக் கூட்டிக்கொண்டு பந்து தேடப் போனார். பந்து என் காலடியில்தான் கிடந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. சூ கொத்துக்கறி கொண்டுவந்து கொடுத்தாள். பின்னி படிக்கட்டில் உட்கார்ந்து, லினெட் மாதிரி சீட்டியடிக்கப் பார்த்தாள். முன்பல் சந்தில் காற்றுதான் வந்தது. மூன்று தடவை காற்று. கிரேம், "என்னடி இது, டயர் பஞ்சரா?" என்றான். அவன் சொல்லி முடிக்கவில்லை. சார்ஜென்ட் இறங்கி, நடந்துவந்து, முதல் படியில் ஏறி நின்றது. ஏழு மாதம் அவள் இங்கே இல்லை. ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறாள். அது அவள் விரலிலிருந்து கறியை எடுத்தது, விரல் படாமல். தின்றுவிட்டு, தொண்டையைத் தூக்கி, குழலில் தண்ணீர் விட்டு ஊதினாற்போலப் பாடியது. ஏழு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரட்டையர்கள்கூட.

கதவுத் தாளில் பின்னி இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

அலமாரியை நாங்கள் திறக்கவில்லை. அது உங்களுக்காகக் காத்திருக்கட்டும்.

பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாம். அதுவரை இங்கே இருக்கட்டுமா என்று பின்னி கேட்கிறாள். மேலதிகாரி இந்த வாரம் எனக்கு விடுப்புக் கொடுத்திருக்கிறார். டெஸ், "இருக்கட்டும், பெவ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்கிறார். ஆனால் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

படிவத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்து செப்டம்பர் பதினேழாம் தேதியிட்டது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்த வார்த்தையை நான் மாற்றவில்லை. நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.

காய்ச்சல் எவ்வளவு என்று எழுதுங்கள்.

ராஸ்


கூமா
ஞாயித்துக்கெழம

அன்புள்ள பெரியம்மா,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. உங்க முட்டி நல்லா இருக்கா. அப்பாவ இந்த வாரம் சார்ஜென்ட் பதினோரு தடவ அடிச்சிச்சு. என்னைய ஒரு தடவகூட இல்ல. அப்பா ஒரு பான்கேக் சுட்டாரு அது கருகிப்போச்சு நாய் சாப்டுச்சு. நேத்து அப்பா என்னைய அணக்கட்டு உள்ள கூட்டிட்டுப் போனாரு. அங்க சத்தம் போட்டா திரும்பி வருது. அப்பா எம்பேர கத்தி சொன்னாரு. நாளக்கி பள்ளிக்கூடம். எந்தப் பள்ளிக்கூடம்னு அப்பாகிட்ட கேட்டேன். பெரியம்மா எழுதுவாங்கன்னு சொன்னாரு. எப்ப எழுதுவீங்க.

முத்தம்
பெலிண்டா (பின்னி)

என் மஞ்ச ரூம்ல செவப்பு மீனுக்கு சாப்பாடு போடுங்க.


வுலங்கொங்
15 அக்டோபர் 1989

அன்புள்ள ராஸ்,

காய்ச்சல் ஒன்றும் இல்லை. இருக்கவும் இல்லை. டெஸ் வெள்ளிக்கிழமை காரை ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் காத்திருந்தார். நான் குளியலறைக் கதவைத் திறக்கவில்லை. அந்த வீட்டுக்குள் வந்து, உன் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, குழந்தையைத் திரும்பக் காரில் ஏற்ற என்னால் முடியுமா என்று பயம். முடிந்துவிடுமோ என்று அதைவிடப் பயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் ஆகஸ்ட் கடிதத்தை வாசித்தபோது பின்னி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்ப அவரு அப்பா இல்ல பெரியம்மா. சார்ஜென்ட் தப்பே பண்ணாது." அதை உனக்கு நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். ஒரு ரேசர் வாங்கு என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது, ராஸ். ஒரு பறவைக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று டெஸ்ஸிடம் கேட்காதே. பின்னி கடிதம் வந்த பிறகும் ஐந்து நாள் பேனாவை எடுக்கவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடம் இல்லாமல் வைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது. நிலையத்தில் போய் எடுத்துக்கொள். குளிர் கோட்டு, பள்ளி ஷூ (பெருவிரல் இடிக்கிறது, அடுத்த மாதம் புதிது வாங்கு), எட்டு உள்சட்டை, தலைவாரும் சீப்பு. சிக்கு விழுந்தால் நுனியிலிருந்து வார வேண்டும், உச்சியிலிருந்து வாராதே. தீப்பெட்டியில் பல். முட்டை இப்போதும் கரு உடையக்கூடாது. உன்னிடம் மரியாதைக்காகச் சொல்லியிருக்கிறாள். சிவப்பு மீன் நன்றாக இருக்கிறது. மஞ்சள் அறையில் டெஸ் தூண்டில்களை மாட்டிக்கொள்ளப் போகிறாராம். மாட்டட்டும்.

பெட்டியின் மேலேயே படிவம் இருக்கிறது. பின்பக்கம் திருப்பிப் பார். லினெட் அளவுக்கு எனக்குக் கண் எழுத வராது. ஆனால் அவளுக்கு இமைமயிர் எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வேறு டப்பா ஒன்றில் ஒட்டிக்கொள். அவளுடையதைத் துளை விழாமல் எடுத்து வை.

பெவ்


கூமா
29 அக்டோபர் 1989

அன்புள்ள பெவ்,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்கள் முழங்காலைப் பற்றிப் பின்னி தினமும் விசாரிக்கிறாள்.

பெட்டி வந்தது. புதன்கிழமையே அவளைப் பழைய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். எனக்குப் பகல் வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி முடிந்தால் அவளே நடந்து வந்துவிடுகிறாள். நான் அதற்கு முன்னால் வீட்டில் இருக்கிறேன். நுனியிலிருந்துதான் வாருகிறேன். இறைச்சிக் கடைக்காரர் நேற்று என்னிடம், "காசு பாக்கி வைக்காம போய்யா" என்று கத்தினார். நான் வாசல் வரை வந்து திரும்பிப் போய், அவருக்குக் கை கொடுத்தேன்.

உங்கள் கண்களை வெனிலா டப்பாவில் ஒட்டினோம். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சார்ஜென்ட் அதைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. மூன்றே நாளில் இடது கண்ணைக் கொத்திவிட்டது. கிழிந்த தாள் மடிந்து தொங்குகிறது; படிவத்தின் மறுபக்கத்தில் இருந்த என் கையெழுத்தின் வால் மட்டும் அதில் தெரிகிறது. லினெட்டின் டப்பா அவள் அலமாரியில் இருக்கிறது. அலமாரியை நாங்கள் திறந்தோம். அதற்குள் அதை வைக்க மட்டும். மற்றதற்கு நீங்கள் வர வேண்டும்.

இந்த வருஷம் மொத்தம் முப்பத்தேழு. லினெட் எழுதும் இடத்தில் பின்னி எழுதியிருக்கிறாள். ஏழைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், திருத்தவில்லை.

வியாழக்கிழமையோடு பாய்ச்சல் நின்றது. குஞ்சு கீழே இறங்கிவிட்டது. சாம்பல் நிறம், குண்டு, ஓயாமல் கத்துகிறது. இன்று காலையில் நான் துணி உலர்த்தும்போது சார்ஜென்ட் அதைப் படிக்கட்டு வரை நடத்திக் கூட்டிவந்தது. குஞ்சு என்னை நிமிர்ந்து பார்த்தது. முதலில் ஒரு கண்ணால், பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணால். பிறகு பின்னியை. ஒவ்வொருவரையும் வெகுநேரம். கையில் ஈரச் சட்டையோடு நான் அசையாமல் நின்றேன்.

"என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன் பின்னியிடம்.

"நம்மள எழுதி வச்சுக்குது," என்றாள்.

கிறிஸ்மஸுக்கு வாருங்கள். காய்ச்சல் வரக்கூடாது. இந்தக் குஞ்சு இருபது வருஷம் உயிரோடு இருக்கும் என்கிறார்கள். உங்கள் முகத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

ராஸ்